கீழ் மூலையில் ஒரு நம்பர்

அப்பாடா, கையை விட்டுப் போய்விட்டது. வரவேற்பில் இருந்த பெண் என் பைலை வாங்கிக்கொண்டு, "உட்காருங்க மேம், நிவேதன் சார் பார்த்துட்டுக் கூப்பிடுவாங்க" என்று சொல்லிக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது போல இருக்கிறது. இனி அந்த எழுத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளலாமா, பச்சையைக் குறைக்கலாமா என்று யோசிக்க வேண்டியதில்லை. யோசித்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த நிம்மதி எனக்குப் பழகினதுதான். தூத்துக்குடியில் பிளக்ஸ் கடையில் எட்டு வருஷம் டிசைன் செய்தவள் நான், அச்சு மெஷினில் பிளக்ஸ் ரோல் ஓட ஆரம்பித்த பிறகு மனசு எப்படி லேசாகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதுவரை பெண் வீட்டார், மாப்பிள்ளையின் சேக்காளிகள் என்று ஆளுக்கொரு பக்கமாக என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு "அக்கா, அந்த மூஞ்சிய இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க" என்று உயிரை எடுப்பார்கள். ரோல் ஓடினதும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள், நான் டீ குடிக்கப் போவேன். இங்கே டீ கிடையாது, தண்ணீர் பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். பாட்டிலிலும் கம்பெனி பெயர். பொடி எழுத்து, அழகான எழுத்து, சுற்றிலும் நிறைய வெள்ளை விட்டிருக்கிறார்கள். எங்கள் கடையில் இவ்வளவு வெள்ளை விட்டால் "இந்த எடத்துக்கும் சேத்துத்தான காசு குடுக்கேன், எங்க மச்சான் போட்டோவ அதுல போடு" என்று சண்டைக்கு வருவார்கள். ஏசி காற்று நேராகக் கழுத்தில் அடிக்கிறது. அடிக்கட்டும், ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்த வியர்வை காயட்டும். சேலை கட்டி வந்திருக்கலாமோ. சுடிதார் போதும், டிசைன் கம்பெனியில் எல்லாரும் கசங்கின சட்டைதான் போட்டிருப்பார்கள் என்று அமல் சொன்னார். துறைமுகத்தில் கன்டெய்னர் கிளியரிங் பார்க்கிற என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியுமோ. ஆனால் உண்மைதான், உள்ளே தெரிகிற நிவேதன் சாரின் சட்டையை யாரோ தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கிறார்கள்.

பைலைத் திறந்துவிட்டார். முதல் பக்கம். முதலில் நல்லதை வை, கடைசியிலும் நல்லதை வை, சுமாரை நடுவில் ஒளி என்றுதான் யூடியூபில் அந்த வாத்தியார் சொன்னார். அவரை நான் வாத்தியார் என்றுதான் சொல்வது, என்னைவிடச் சின்னவர், தலைக்குப் பின்னால் எப்போதும் ஒரு செடி. அமலுக்கு மாற்றல் வந்து மெட்ராஸுக்கு வந்த புதிதில் நான் சிவியில் உள்ளதை உள்ளபடிதான் எழுதினேன். முத்தரசி டிஜிட்டல்ஸ், தூத்துக்குடி, பிளக்ஸ் மற்றும் வினைல், எட்டு வருஷம். அனுப்பாத கம்பெனி இல்லை, ஒரு பதில் வரவில்லை, 'கிடைத்தது' என்றுகூட யாரும் சொல்லவில்லை. கிணற்றில் போட்ட கல்தான். பிறகுதான் செடி வாத்தியார் கிடைத்தார். பிளக்ஸ் வேலை, கல்யாணப் பத்திரிகை வேலை இருந்தால் தூக்கிவிடுங்கள், அதைப் பார்த்த உடனே பைலை மூடிவிடுவார்கள் என்றார். தூக்கினேன். எட்டு வருஷத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் 'ஃப்ரீலான்ஸ் டிசைனர்' என்று எழுதினேன். கோரல்டிரா தெரியும் என்பதையும் எடுத்தேன், அந்த மென்பொருள் பெயரைச் சொன்னாலே சிரிக்கிறார்கள். போட்டோஷாப் தொண்ணூறு சதவீதம் என்று ஒரு பட்டை போட்டிருந்தேன். அமல் அதைப் பார்த்து, "மீதிப் பத்து சதவீதம் எங்க போச்சு ஜெசி, பஸ்ல விட்டுட்டியா?" என்றார். அதையும் எடுத்தேன். எடுக்க எடுக்க சிவி வெள்ளையாகிக்கொண்டே வந்தது. அப்புறம் இல்லாத கம்பெனிகளுக்கு வேலை செய்தேன். இல்லாத பல் ஆஸ்பத்திரிக்கு லோகோ, இல்லாத சோப்புக்கு அட்டை, இல்லாத காபித்தூளுக்கு பாக்கெட். 'மலைச்சாரல் காபி' என்று பெயர் வைத்து, தமிழ் எழுத்தை நானே வரைந்து, ஒவ்வொரு வளைவையும் இழுத்து இழுத்து, ஒரு மாதம் அதிலேயே கிடந்தேன். "தூள் இல்லாத பாக்கெட்ட யாருக்கு விக்கப் போற?" என்று கேட்டார் அமல். நிவேதன் சாருக்கு என்றேன். அப்போது நிவேதன் சார் யாரென்றே தெரியாது, சும்மா எவருக்கோ என்கிற அர்த்தத்தில் சொன்னது, இல்லை, பெயரே சொல்லவில்லை, இப்போது என் மனசு தானாகச் சேர்த்துக்கொள்கிறது. மனசுக்கும் போட்டோஷாப் தெரியும் போலிருக்கிறது. எப்படியோ, காபி பாக்கெட்டின் படத்தை மெயிலில் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கம்பெனி நேரில் வரச் சொன்னது. இதுவும் போனால் திங்கட்கிழமையிலிருந்து செலின் மதினியின் ஜவுளிக்கடையில் பில் போட உட்கார வேண்டும். அமலின் அக்கா, தங்கமான மனுஷி, "சும்மா வீட்ல இருக்கதுக்கு இங்க வந்து இரேன்" என்று அவள் ஆசையாகத்தான் கூப்பிட்டாள். ஆனால் ஒரு தடவை பில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். இது ஒண்ணு மட்டும் பாத்துட்டு வாரேன் மதினி என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

நாலாவது பக்கமோ ஐந்தாவதோ. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தைப் பார்க்காதே, சுவரைப் பார். சுவரில் இவர்கள் செய்த போஸ்டர்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஒரு நாட்டியவிழா போஸ்டர், கருப்பில் ஒரு பாதம் மட்டும். என்ன தைரியம், ஆள் முழுசாக வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லையா. எங்கே அடித்தது என்று கீழே பார்த்தேன், ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. பிரஸ் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. தவசிக்கனி அண்ணாச்சி பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். என் முதலாளிக்கு ஒரு பேனரில் எது இருக்கிறதோ இல்லையோ, கீழே வலது மூலையில் பொடி எழுத்தில் கடைப் பெயரும் செல் நம்பரும் இருக்க வேண்டும். "ஊருக்கே வெளம்பரம் அடிக்கோம், நமக்கு யாரு அடிப்பா?" என்பார். பூப்புனித நீராட்டு விழா, சர்ச்சில் புதுநன்மை, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி, எதுவாக இருந்தாலும் செத்தவர் தலைக்கு மேலே தேதி, காலுக்குக் கீழே நம் நம்பர். ஒவ்வொரு தடவையும் யார் டைப் அடிப்பது என்று நான் கம்ப்யூட்டரில் ஒரு காலிப் பைலில் அந்தப் பெயர், நம்பர் பட்டையை நிரந்தரமாகவே போட்டு வைத்திருந்தேன், எந்த வேலை வந்தாலும் அந்தப் பைலைத் திறந்துதான் ஆரம்பிப்பது. தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அதில் சரியாக உட்கார்ந்திருக்கும். காபி பாக்கெட்டுக்குக்கூட எழுத்து சரியாக வரட்டும் என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த அதைத்தான் திறந்து

ஐயோ மாதாவே.

இல்லை, எடுத்திருப்பேன். எடுத்திருப்பேனா? நிறம் பார்த்தேன், பிழை பார்த்தேன், அமலையும் பார்க்கச் சொன்னேன், ஓரத்தில் வெட்டுக்கு இடம் விட்டிருக்கிறதா என்று பார்த்தேன். மூலையைப் பார்த்தேனா? எட்டு வருஷம் தினமும் பார்த்த பட்டை அது, நம் மூக்கு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அப்படி. போனில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன், இரண்டு விரலால் பெரிதாக்குகிறேன். பாக்கெட், பாக்கெட்டின் நிழல், மேஜையில் சிந்தின காபிக்கொட்டைகள், அதற்குக் கீழே, வலது மூலையில், முத்தரசி டிஜிட்டல்ஸ், தூத்துக்குடி, செல், பத்து இலக்கமும். ஒரு இலக்கம்கூடக் குறையவில்லை. போட்டோஷாப் தொண்ணூறு சதவீதத்தில் மீதிப் பத்து இங்கே இருக்கிறது அமல். சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. ஓடிப்போய் உள்ளே நுழைந்து பைலைப் பிடுங்கலாமா? சார், தப்பான பைல், மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று. ரோல் ஓடிவிட்டது ஜெசிந்தா. பிளக்ஸ் கடைக்காரி என்று தெரிந்துவிடுமே என்பதுதான் முதலில் வந்த பயம், ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று மெல்ல எழுந்து வருகிறது. சிவியில் முத்தரசி டிஜிட்டல்ஸ் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஃப்ரீலான்ஸ் என்று இருக்கிறது. பைலில் இருக்கிற ஆக நல்ல வேலையின் மூலையில் எந்த ஊரிலேயோ இருக்கிற ஒரு கடையின் பெயர் இருந்தால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? திருடிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். என் வேலையை நானே திருடினவளாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மாதம் வரைந்த 'ம', வளைவு நிற்கவே மாட்டேன் என்று அடம் பிடித்த அந்த 'ழ', இல்லை, மலைச்சாரலில் 'ழ' கிடையாது, 'லை', அந்த 'லை'. புத்தி எங்கெங்கோ ஓடுகிறது. உள்ளே அவர் பக்கம் புரட்டுவதை நிறுத்திவிட்டார். பைலைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோகிறார். மூலையைப் பார்க்கிறார். போனை எடுக்கிறார். பைலைப் பார்த்துப் பார்த்து நம்பரை அழுத்துகிறார்.

அண்ணாச்சி எடுக்கக் கூடாது. மெஷின் சத்தத்தில் காது கேட்காமல் போகட்டும், போன் சார்ஜில் இருக்கட்டும், இன்றைக்குக் கடை லீவாக இருக்கட்டும். எங்கே, அண்ணாச்சி கோயிலில் கண்ணை மூடிக் கும்பிடும்போதுகூடப் போனை எடுக்கிற ஆள். எடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதுதான் பயமே. "நம்ம நம்பர் இருந்தா நம்ம வேலதான்" என்பார். எவனோ எங்கள் டிசைனைச் சுட்டு வேறு கடையில் அடித்து, பெயரைத் தப்பாகப் போட்டு, மூலையில் எங்கள் நம்பரை எடுக்க மறந்துவிட்டால்கூட, திட்டி வருகிற போனுக்கு அண்ணாச்சி அதைத்தான் சொல்வார். நாம் அடிக்கவில்லையே அண்ணாச்சி என்றால், "அவன் நம்ம கடைக்கு நம்பித்தான போன் போடுதான்" என்பார். நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த நல்ல குணம் இன்றைக்கு என் கழுத்தில் கத்தியாக விழப்போகிறது. மேகநாதபுரத்திலிருந்து ஒரு அம்மா புருஷனுக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்தது நினைவு வருகிறது. மீன்பிடிக்கிற மனிதர், தனியாக எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லை. ஒரு கல்யாணத்தில் கூட்டமாக எடுத்த படம்தான் இருந்தது, அதில் பக்கத்தில் நின்ற எவனோ அவர் தோளில் கை போட்டிருந்தான். நான் வழக்கம்போல ஆளை மட்டும் வெட்டி எடுத்து, வழக்கம்போலக் கோட்டு சூட்டு மாட்டிவிடப் போனேன். எங்களிடம் ஒரே கோட்டுதான், ஊரில் செத்த பாதிப் பேருக்கு அதைத்தான் மாட்டியிருக்கிறேன். அந்த அம்மா, "கோட்டெல்லாம் வேண்டாம் பிள்ள. அந்தக் கையையும் எடுக்காத. அது எங்க அண்ணன் கை, கடலுக்குப் போயித் திரும்பி வரல, அதுவும் அவரு கூடயே இருக்கட்டும்" என்றது. ஆளில்லாமல் ஒரு கை மட்டும் தோளில் கிடந்தால் பார்க்கிறவன் சிரிப்பான். அப்படியே விடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. கடைசியில் பின்னால் முழுக்கக் கடல் போல ஒரு கருநீலம் கொடுத்து, அந்தக் கை அதற்குள்ளிருந்து வருகிற மாதிரி மணிக்கட்டைக் கரைத்துவிட்டேன். பேனர் கட்டின அன்று முழுக்கக் கடைக்கு போன். ஒரு கைய எடுக்க மறந்துட்டீங்க என்று. அண்ணாச்சி ஒவ்வொருவருக்கும் பொறுமையாக, "நம்ம வேலதான், வேணும்னு வச்சதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைவிட்டு நான் ஆவணி முகூர்த்த நேரத்தில், வேலை கழுத்து வரைக்கும் கிடக்கும்போது கிளம்பி வந்தேன். சரி என்று ஒரு வார்த்தை சொன்னார், கடைசி நாள் பேப்பர் எடுக்க சிவகாசி போய்விட்டார், சாவியை மெஷின் ஓட்டுகிறவரிடம்தான் கொடுத்துவிட்டு வந்தேன். கோபம்தான். இல்லாமல் எப்படி இருக்கும். அதற்குப் பிறகு நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. உள்ளே நிவேதன் சார் பேசுகிறார். நிறுத்துகிறார். கேட்கிறார். என்னைத் திரும்பிப் பார்க்கிறார். மறுபடி கேட்கிறார், ரொம்ப நேரமாகக் கேட்கிறார். பில் மெஷினில் முதலில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மதினியிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

"மேம், உள்ள போங்க," என்றாள் வரவேற்புப் பெண்.

உட்கார்ந்தேன். பைல் காபிப் பக்கத்தில் திறந்தே கிடந்தது. நிவேதன் சார் அந்த மூலையில் விரலை வைத்தார்.

"இது யார் பண்ணது, ஜெசிந்தா?"

"நான்தான் சார்."

"இந்த நம்பருக்குக் கூப்பிட்டேன்."

"தெரியும் சார். கண்ணாடில தெரிஞ்சுது."

"அது எங்க வேலைதான்னு சொன்னார் அவர். படத்தைப் பார்க்கக்கூட இல்ல. நம்பர் இருக்குன்னு சொன்னதுமே, நம்ம வேலைதான்னுட்டார்."

எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

"சரி, அவ்வளவுதான்னு நினைச்சேன்," என்றார் அவர். "வைக்கறதுக்கு முன்னாடி சும்மா கேட்டேன், உங்ககிட்ட டிசைன் பண்றது யாருன்னு. அவர் என்னைத் திருப்பிக் கேட்கிறார், 'தமிழ் எழுத்து ஒண்ணோட ஒண்ணு இடிக்காம நிக்கா?'ன்னு. நிக்குதுங்கன்னேன். 'அப்ப அது எங்க ஜெசிந்தா பிள்ள செஞ்சது. எட்டு வருஷம் இங்கனதான் இருந்துச்சு, இப்ப மெட்ராஸ்ல இருக்கு'ன்னார். அப்புறம் உங்களைப் பத்தியே பேசிட்டிருந்தார், வைக்கவே விடல." சிவியை எடுத்துப் பார்த்தார். "இதுல ஃப்ரீலான்ஸ்னு இருக்கு."

"பிளக்ஸ் கடைன்னு போட்டு நெறைய பேருக்கு அனுப்புனேன் சார். யாரும் கூப்பிடல."

அவர் சிவியைக் கீழே வைத்தார். "போட்டிருந்தா நானும் கூப்பிட்டிருக்க மாட்டேன்," என்றார். சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கோ அது நிம்மதியாக இருந்தது. இத்தனை நாளில் எனக்கு வந்த முதல் பதில் அது. "அந்தக் கடை வேலை ஏதாவது கையில இருக்கா?"

போனில் அந்தக் கடல்நீலப் பேனரைத் தேடி எடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கினார்.

"இந்தக் கை யாரோடது?"

சொன்னேன். செடி வாத்தியார் சொல்லித்தந்த எதுவும் அப்போது நினைவில் இல்லை. அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன், ஒரே ஒரு கோட்டைப் பற்றிச் சொன்னேன், மணிக்கட்டு மட்டும் கரையாமல் எத்தனை தடவை அழித்து அழித்துப் போட்டேன் என்று சொன்னேன், அண்ணாச்சிக்கு வந்த போன்களைச் சொன்னேன். என் குரல் தூத்துக்குடிக்குப் போய்விட்டது, 'சொல்லுதேன்', 'செய்யுதேன்' எல்லாம் வந்தது, நான் பிடித்து நிறுத்தவில்லை. நான் பேசி முடித்த பிறகும் அவர் போனைத் திருப்பித் தரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிவியையும் ஒரு பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"ஃப்ரீலான்ஸை அடிச்சுட்டு சரியானதை எழுதுங்க. இதையும் பைல்ல சேருங்க, கடைசிப் பக்கமா. திங்கட்கிழமை வாங்க. மூணு மாசம் பார்க்கலாம், உங்களுக்கும் எங்களைப் பிடிக்கணும் இல்ல?"

பேனா பிடித்து எழுதி எத்தனை நாளாயிற்று. முத்தரசி டிஜிட்டல்ஸ், தூத்துக்குடி என்று அந்த வெள்ளைக் காகிதத்தில் எழுதியபோது மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. எழுதின பிறகு கை தானாக நகர்ந்து கீழே வலது மூலையில் போய் நின்றது, நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன்.

மாடிப்படியில் இறங்கும்போது கால் தரையில் நன்றாகப் பதிகிறது. அமலுக்குச் சொல்ல வேண்டும். மதினிக்குச் சொல்ல வேண்டும், அவளிடமே போய் ஒரு நல்ல சுடிதார் மெட்டீரியல் எடுக்க வேண்டும், கசங்குகிறதாகப் பார்த்து. சத்தத்தை அணைத்துப் பையில் போட்டிருந்த போனை எடுத்தால் தவறிய அழைப்புகள், எல்லாம் ஒரே ஆளிடமிருந்து. ஒரு வருஷமாக வராத பெயர். படியிலேயே உட்கார்ந்து கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார், பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம்.

"ஏ பிள்ள, மெட்ராஸ்லேந்து ஒருத்தர் பேசுனாரு. ஏதோ காபித்தூள் பாக்கெட்டாம், நம்ம நம்பர் போட்டிருக்காம். நம்ம வேலதான்னு சொல்லிட்டேன். நீ செஞ்சதுதான? தப்பு எதும் விழுந்துட்டா? விழுந்திருந்தாச் சொல்லு, அவியகிட்டப் பேசாத, நான் காசில்லாம மாத்தி அடிச்சு இன்னைக்கு லாரியிலேயே போட்டு விடுதேன்."

மேலே ஏறிப்போகிற யாரோ என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"தப்பு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி," என்றேன். "நம்பர் சரியாத்தான் இருக்கு."